குறியெதிர்ப்பை: புறப்பாடல்கள் காட்டும் உணவுப் பகிர்வு

சங்கப் புறப்பாடல்களைக் கற்போர் நெஞ்சில் முதற்கண் நிற்பது கொடை. முல்லைக்குத் தேரும் மயிலுக்குப் போர்வையும் ஈந்த செய்திகளைப் பள்ளிச் சிறாரும் அறிவர். புலவரும் பாணரும் வறுமையுற்றனர், வள்ளல்களை நாடிச் சென்றனர், பரிசில் பெற்று மீண்டனர், பசி தீர்ந்தனர். இவ்வாறு சுருக்கிக் கூறிவிடும் வழக்கம் நம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. க. கைலாசபதி 1968 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆய்வு, பாணரையும் புரவலரையும் பிற நாட்டுப் பழம் பாடல் மரபுகளோடு ஒப்பவைத்துக் கண்டது. அதனால் தமிழாராய்ச்சி பெற்ற பயன் பெரிது. எனினும், அதன் பின்னர் எழுந்த ஆய்வுகள் பலவற்றிலும் விளக்கின் ஒளி அரசவாயிலின்மேலேயே விழுந்தது. புலவன் புறப்பட்டு வந்த வீட்டுவாயில் இருளிலேயே நின்றது.

ஒரு வினா எழுகின்றது. பரிசில் வாழ்க்கை நாள்தோறும் கிட்டும் வாழ்க்கை அன்று. வள்ளலின் ஊர் சேய்த்து, வழி அரிது, அவன் மனம் எளிதில் அறியப்படாதது. புலவன் புறப்பட்ட நாளுக்கும் மீண்ட நாளுக்கும் இடையே அவன் மனைவியும் மக்களும் எதனை உண்டனர்? அவ்வுணவை யார் தந்தார்? இவ்வினாவிற்குப் புறநானூற்றிலேயே விடை உள்ளது. அவ்விடையைத் தாங்கி நிற்கும் சொல் ‘குறியெதிர்ப்பை’ என்பது. அச்சொல்லையும், அது வழங்கும் பாடல்களையும், அவற்றோடு ஒப்பவைத்துக் காணத்தக்க சிலவற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கொடையின் பெருமையைக் குறைத்தல் எம் கருத்தன்று. கொடை எதன்மேல் நின்றது என்பதைக் காட்டுதலே கருத்து.

1. சொல்லும் பொருளும்

குறி என்பது ஈண்டு அளவு. எதிர்ப்பை என்பது எதிராகத் தருதல். ஓர் அளவினைக் குறித்துக்கொண்டு ஒரு பொருளைப் பெற்று, பின்னர் அப்பொருளையே அவ்வளவில் திருப்பித் தருதல் குறியெதிர்ப்பை ஆகும். திருக்குறளில் ஈகை அதிகாரத்தின் முதற் குறளில் (221) இச்சொல் வருகின்றது. பரிமேலழகரும் இப்பொருளே கொண்டார். புறநானூற்றில் 163 ஆம் பாட்டில் இச்சொல்லும், 333 ஆம் பாட்டில் இதன் விரிந்த வடிவமும் காணப்படுகின்றன. புறநானூற்றுப் பழைய உரை ஏறத்தாழ 266 ஆம் பாட்டு வரையிலேயே கிடைத்துள்ளது. ஆதலின், 333 ஆம் பாட்டின் பொருளைத் துணிவதற்கு 163 ஆம் பாட்டும் குறளுமே நமக்குத் துணையாகின்றன.

இதனைப் பண்டமாற்றோடு ஒன்றாக எண்ணுதல் பிழை. பண்டமாற்றுக்குச் சங்க நூல்களில் சான்றுகள் பல. வேட்டுவன் மான் தசையும் ஆய்மகள் தயிரும் கொண்டுவர, உழவர் மகளிர் அக்கலங்கள் நிறைய வெண்ணெல் முகந்து கொடுப்பதைக் கோவூர் கிழார் காட்டுவார் (புறம். 33). பாண்மகள் மீனைச் சொரிந்த வட்டியில் மனையோள் பயற்றை நிறைப்பதை ஐங்குறுநூறு (47) கூறும். நெல்லும் உப்பும் நேரெனக் கூவிச் செல்லும் உமணர் மகளை அகநானூறு (140) காட்டும். இங்கெல்லாம் பொருள் இரண்டு, காலம் ஒன்று. மீன் இறங்கிய அந்நொடியே பயறு ஏறுகின்றது. வட்டி வெறுமையாகத் திரும்புவதில்லை. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகின்றது.

குறியெதிர்ப்பையிலோ பொருள் ஒன்று, காலம் இரண்டு. தினை தந்தவர்க்குத் தினையே திரும்பும். ஆயின் இன்றன்று, அடுத்த விளைவின்போது. பண்டமாற்றுத் திணைக்கும் திணைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நிரப்புகின்றது. குறியெதிர்ப்பை ஒரே ஊரில் ஒரு வீட்டின் நிறைவான நாளுக்கும் குறைவான நாளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நிரப்புகின்றது. முன்னதற்கு வேண்டுவது வட்டி. பின்னதற்கு வேண்டுவது நம்பிக்கை.

வேட்டையில் கிடைத்த ஊனைக் கூறுசெய்தல் இவ்விரண்டினும் வேறானது. சிற்றில் முன்றிலில் உடும்பின் ஊனைக் கூறிட்டுத் தீயில் வாட்ட, அம்மணம் தெருவெங்கும் கமழ்வதை 325 ஆம் பாட்டு கூறும். ஊன் நெடுநாள் நில்லாது. ஆதலின் அன்றே பகுக்கப்படும். மணம் தெருவெல்லாம் பரந்த பின்னர் மறைத்து உண்ணுதலும் இயலாது. கூலம் அத்தகையதன்று. அதனைக் குதிரில் இட்டு வைக்கலாம். வாயிலை அடைத்துத் தனித்து உண்ணலாம். வைத்துக்கொள்ளக்கூடிய உணவு தோன்றிய பின்னரே, வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்னும் அறவினா கூர்மை பெறுகின்றது. குறியெதிர்ப்பை அவ்வினாவிற்குச் சிற்றூர் கண்ட விடை.

2. புன்புலத்து வீடு

குறியெதிர்ப்பை மிகுதியும் வேண்டப்படும் நிலம் புன்புலம். அங்கே நெல் விளையாது, வானை நோக்கிய வரகும் தினையுமே உணவு (புறம். 328). இவ்வகை ஊர்களைப் பற்றிய பாடல்களுள் இரண்டு ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கன.

முதலாவது 333 ஆம் பாட்டு. மழைத்துளி வீழ்ந்த நீரில் எழும் மொக்குளைப் போன்ற கண்களையுடைய குறுமுயல்கள் மன்றில் துள்ளி விளையாடும் ஊர் அது. அவ்வூர் மனையில் இருந்த வரகும் தினையும் முழுதும் இரவலர் உண்டும் கொண்டும் தீர்ந்துவிட்டன. பின்னும் விருந்து வருகின்றது. மனையோள் குறியெதிர்ப்பையாகப் பெற முயல்கின்றாள், கிடைக்கவில்லை. அதன்பின் விதைக்கென்று கதிரோடு உலர்த்தி வைத்திருந்த தினையை உரலில் இடுகின்றாள்.

இப்பாட்டை விருந்தோம்பலின் உச்சம் என்று போற்றுவதோடு நாம் நின்றுவிடுகின்றோம். புலவர் அமைத்துள்ள வரிசைமுறையை நோக்குவதில்லை. முதலில் தன் இருப்பு. அது தீர்ந்தால் அண்டை வீட்டின் அளவு. அதுவும் இல்லையாயின் விதை. விதைக்கு முன் நிற்கும் வேலியாகக் குறியெதிர்ப்பை இங்கே அமைந்துள்ளது. அது கிடைக்காமையைப் புலவர் ஒரு காரணமாக எடுத்துக் கூறுகின்றார். ஏனைய நாளில் அது கிடைக்கும் என்பது கேட்போர் அறிந்த செய்தியாக இருந்தாலன்றி அக்காரணம் பொருள் பெறாது. விதையை உரலில் இடுதல் எத்துணைக் கொடிய முடிவு என்பதையும் அவ்வுழவுக்குடியினர் அறிவர். இவ்வாண்டு விருந்தினர் உண்ட தினை, வரும் ஆண்டு அவ்வீட்டார் உண்ண வேண்டிய தினை ஆகும்.

குறியெதிர்ப்பை ஏன் கிடைக்கவில்லை? அண்டை வீட்டார் கொடுக்க மறுத்தனர் என்று பாட்டில் இல்லை. ஒரே வானத்தை நம்பியிருக்கும் ஊரில் ஒரு வீடு வற்றும் காலத்தில் பிற வீடுகளும் வற்றியிருத்தல் இயல்பு. இதுவே இம்முறையின் எல்லை. வீட்டுக்கு வீடு குறை மாறிமாறி வரும்வரை குறியெதிர்ப்பை ஊரைக் காக்கும். ஊர் முழுவதும் ஒருங்கே குறையுறும்போது அது நின்றுவிடும். இவ்வெல்லையை நினைவிற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

இரண்டாவது 327 ஆம் பாட்டு. எருது பூட்டி மிதிக்க வேண்டாத அளவிற்குச் சிறிய வரகுப் போர். இளைஞர் தம் காலாலேயே மிதித்து முடித்தனர். அதில் ஒரு பகுதி கடன் கொடுத்தோர்க்குச் சென்றது. எஞ்சியதைப் பசித்த பாணர் உண்டனர். சுற்றத்தின் துன்பம் நீங்க வேண்டி, அவ்வீட்டுத் தலைவன் தன் ஊரிலுள்ள சிறுமைக் குணமுடையோரிடம் சென்று வரகு கடன் கேட்கின்றான். அவனே வேந்தன் படை வரின் தடுத்து நிறுத்தும் ஆற்றலுடையவன் என்று பாட்டு முடிகின்றது.

படையைத் தாங்குவோன் படி வரகிற்கு நிற்கின்றான். இம்முரணே பாட்டின் சுவை. ஆயினும், இங்கும் ஒரு வரிசைமுறை உண்டு: முதலில் கடன், பின்னர்ப் பாணர், இறுதியில் தன் சுற்றம். மிதித்த களத்திலிருந்து முதலில் எழுந்து செல்வது வாங்கியதைத் திருப்பும் வரகே. திருப்பாதவனுக்கு மறுமுறை கிடைக்காது. அத்தலைவன் மீண்டும் கடன் கேட்கச் செல்வதற்கு முன் பழைய கடனைத் தீர்த்துவிட்டான் என்பதைப் புலவர் சொல்லாமற் சொல்கின்றார்.

3. பெருஞ்சித்திரனார் கண்ட மூவகை உறவு

இக்கருத்துகளையெல்லாம் ஒருங்கே காண உதவுவன பெருஞ்சித்திரனாரின் பாடல்கள். அவர் வீட்டு வறுமையை 159, 160 ஆம் பாடல்கள் கூறும். முதிர்ந்த தாய், மக்கள் பலரைப் பெற்றுத் தளர்ந்த மனைவி, குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிர், உப்பில்லாத உலை, மோரும் சோறும் மறந்த உணவு. உணவில்லாக் கலங்களைத் திறந்து பார்த்து அழும் மகனுக்குத் தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் ஆற்றுகின்றாள். இவ்வீட்டிலிருந்தே அவர் முதிரமலைக் குமணனிடம் செல்கின்றார்.

அவர் பரிசிலை எங்ஙனமும் ஏற்பவர் அல்லர். அதியமான் நெடுமானஞ்சி தம்மை நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பொருளை ஏற்க மறுத்துத் தாம் வாணிகப் பரிசிலன் அல்லர் என்று 208 ஆம் பாட்டில் கூறிவிடுகின்றார். முகம் காணாமல் பொருள் மட்டும் கைமாறினால் அது வாணிகம், கொடையன்று. பிரஞ்சு நாட்டறிஞர் மார்செல் மோஸ் 1925 இல் வெளியிட்ட கட்டுரையில், தொல்குடிகளிடையே கொடுத்தல், ஏற்றல், எதிர்கொடுத்தல் ஆகிய மூன்றும் கடப்பாடுகளாக நின்றன என்று காட்டினார். கொடை என்பது பொருளோடு உறவையும் கொண்டு செல்வது என்பது அவர் கருத்தின் சாரம். பெருஞ்சித்திரனாரின் மறுப்பு அவ்வுறவு இல்லாமையைச் சுட்டிய மறுப்பே ஆகும்.

இனி 163 ஆம் பாட்டிற்கு வருவோம். குமணன் தந்த வளத்தோடு வீடு மீண்ட புலவர் தம் மனைவியிடம் பேசுகின்றார். உன்னை விரும்பி உறைவோர்க்கும் கொடு. நீ விரும்பி உறைவோர்க்கும் கொடு. கற்பிற் சிறந்த உன் சுற்றத்து மூத்த மகளிர்க்கும் கொடு. நம் சுற்றத்தின் கடும்பசி தீர உனக்கு நெடுங்குறியெதிர்ப்பை தந்தோர்க்கும் கொடு. இன்னார்க்கு என்று எண்ணாதே. என்னைக் கலந்தும் கேளாதே. வைத்து வாழ்வோம் என்றும் எண்ணாதே. எல்லார்க்கும் கொடு என்பது அவர் கூற்றின் கருத்து. இவ்வளம் குமணன் நல்கியது என்பதை இறுதியிலேயே கூறுகின்றார்.

இப்பாட்டு பாடாண் திணையில் பரிசில் துறையாக வகுக்கப்பட்டுள்ளது. குமணன் புகழே இதன் பொருள் என்று கொள்வதற்கு அவ்வகுப்பு இடம் தருகின்றது. ஆனால், பாட்டின் உடல் வேறொன்றைக் காட்டுகின்றது. இங்கே எண்ணப்படுவோர் அனைவரும் மனைவியை மையமாகக் கொண்டே எண்ணப்படுகின்றனர். விரும்புவோர் அவளை விரும்புவோர். சுற்றம் அவள் சுற்றம். குறியெதிர்ப்பையும் அவள் பெற்றது. புலவர் பரிசிலுக்கு அலைந்த காலத்தில் வீட்டைத் தாங்கியவள் அவள். அவளைத் தாங்கியவர் அண்டை மகளிர். தம்மைக் கேளாதே என்று புலவர் கூறுவது வெறும் பெருந்தன்மையன்று. யார்க்கு எவ்வளவு தரவேண்டும் என்னும் கணக்கு அவள் நெஞ்சில் உள்ளது, அவரிடம் இல்லை. அவளை மனைகிழவோய் என விளிப்பதும் இவ்வுரிமையை நோக்கியதே.

‘நெடு’ என்னும் அடையும் வீணாக நிற்கவில்லை. ஒரு நாள் ஒரு படி வாங்கி மறுநாள் திருப்பியதாயின் அது நெடுமையாகாது. பன்முறை வாங்கியும் திருப்ப இயலாது நெடுங்காலம் நின்ற அளவு என்று கொள்ளுதல் பொருந்தும். அந்நெடுங்காலமும் கொடுத்தோர் பொறுத்திருந்தனர். பொறுத்திருந்தோரும் செல்வரல்லர் என்பதைப் புன்புலப் பாடல்கள் நமக்கு உணர்த்தியுள்ளன. தம் குதிர் தாழத் தாழக் கொடுத்தவர் அவர்.

மேலே கூறிய எல்லை ஈண்டு நினைவிற்கு வருதல் வேண்டும். ஊர் முழுவதும் குறையுறும்போது குறியெதிர்ப்பை நின்றுவிடும். அந்நிலையில் வெளியிலிருந்து வளம் வந்தாலன்றிச் சுழற்சி மீண்டும் தொடங்காது. குமணன் கொடை அவ்வாறு வந்த வளம். அது புலவர் வீட்டில் தங்கவில்லை. தங்குதல் கூடாது என்பதே பாட்டு. அது தந்தோர் குதிர்களுக்குச் செல்கின்றது. இனி அவர்கள் பிறர்க்குத் தருவர். ஆதலின், புலவன் ஒருவன் பரிசிலுக்குச் சென்றான் என்பதைவிட, ஒரு சுற்றமும் ஓர் அயலும் அவனைத் தாங்கி அனுப்பின என்று கூறுதலே இப்பாட்டிற்கு ஏற்ற உரையாகும். வாணிகம், பரிசில், குறியெதிர்ப்பை என்னும் மூவகை உறவையும் பெருஞ்சித்திரனார் தெளிவாகப் பிரித்தறிந்தவர். முதலாவதை மறுத்தார், இரண்டாவதை ஏற்றார், ஏற்றதை மூன்றாவதற்குள் பாய்ச்சினார்.

4. இரு மறுப்புகள்

இக்கருத்துக்கு மறுப்பாக இரண்டினை எடுத்துக் காட்டலாம். ஒன்று, 327 ஆம் பாட்டில் கடன் தருவோர் சிறுமைக் குணத்தினராகக் கூறப்படுதல். சிற்றூரில் கடன் பெறுதல் எப்போதும் அன்பின் செயலாக இருந்ததில்லை என்பதை இது காட்டுகின்றது. இதனை யாமும் ஏற்கின்றோம். பாணர்க்குக் கொடுத்தவன் வீட்டில் வரகில்லை. கொடாதார் வீட்டில் உள்ளது. அவர்முன் அவன் நிற்க நேர்கின்றது. ஆயினும், அப்பாட்டில் வழங்கும் சொல் கடன், குறியெதிர்ப்பை அன்று. பெறுவோனும் ஆடவன். 163 ஆம் பாட்டின் சுற்றமும் அயலும் கலந்த மகளிர் உலகம் அங்கே இல்லை. அமெரிக்க மானிடவியலார் மார்ஷல் சாலின்ஸ் 1972 இல் வெளியிட்ட தம் நூலில் எதிர்கொடையை மூவகையாகப் பகுத்து, உறவு நெருங்க நெருங்கக் கணக்கு நெகிழும் என்றும், விலக விலக இறுகும் என்றும் விளக்கினார். அவ்வளவுகோலில் 163 ஒரு முனையிலும் 327 சற்றுத் தொலைவிலும் நிற்கின்றன. சொல்வேறுபாட்டைக் கொண்டு முழுதும் துணிதல் அரிதாயினும், இரண்டினையும் ஒன்றென மயங்குதற்கு இடமில்லை.

மற்றொன்று திருவள்ளுவர் கூற்று. வறியார்க்கு ஈவதே ஈகை. ஏனையவெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என்று அவர் பிரிக்கின்றார். இதனால் குறியெதிர்ப்பை தாழ்ந்தது என்று கொள்வோர் உளர். ஆசிரியர் இங்கே ஈகைக்கு இலக்கணம் கூறுகின்றாரேயன்றிக் குறியெதிர்ப்பையைப் பழிக்கவில்லை. திருப்பித் தர இயலுவோர்க்குக் கொடுத்துவிட்டு அதனை ஈகை என்று பெருமை கொள்வதையே அவர் விலக்குகின்றார். மேலும், ஈகைக்கு முன்னே ஒப்புரவறிதலை அவர் வைத்துள்ளார். ஊருணி நிறைதலையும் பயன்மரம் உள்ளூரில் பழுத்தலையும் உவமையாகக் காட்டும் அவ்வதிகாரம், ஓர் ஊரார் ஒருவர்க்கொருவர் பயன்பட்டு வாழும் வாழ்க்கையை நினைவிற் கொண்டது. ஈகை இல்லார்க்குரியது, ஒப்புரவு ஊர்க்குரியது.

ஆயினும் புலவர்க்கும் வள்ளுவர்க்கும் இடையே ஒரு வேறுபாடு எஞ்சி நிற்கின்றது. அறநூலாசிரியர் கொடையை வகைப்படுத்துகின்றார். பெருஞ்சித்திரனாரோ கடன் தந்தோரையும் தாராதோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இன்னார் என எண்ணாதே என்று அவ்வகைப்பாட்டையே கரைத்துவிடுகின்றார். தந்தவர்க்குத் திருப்புவதும் தாராதவர்க்குத் தருவதும் அவ்வீட்டு முற்றத்தில் ஒரே செயலாகின்றன. பசியை அறிந்தவன் கணக்கை மறக்கும் இடம் அது. 163 ஆம் பாட்டின் உயர்வு இங்கேயே உள்ளது என்பது எம் துணிபு.

5. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சங்ககாலச் சிற்றூரில் உணவு பகிரப்பட்ட முறைகள் பல. ஊனைக் கூறிடுதல் அன்றைய நாளுக்கு. பண்டமாற்று இரு நிலத்திற்கு. குறியெதிர்ப்பை இரு காலத்திற்கு. கொடை இவையெல்லாம் தளர்ந்த இடத்திற்கு. இவற்றுள் கொடையை மட்டும் பாடாண் திணை உரக்கப் பாடியது. புரவலனைப் பாடுதல் அதன் தொழில் ஆதலின் அது குற்றமன்று. அப்பாடல்களுக்குள்ளேயே மறைந்து நிற்கும் அண்டை வீட்டு அளவைக் காணாது விடுதல் கற்போராகிய நம் குற்றமாகும்.

மணிமேகலையில் அமுதசுரபி வற்றாத கலமாகக் காட்டப்படுகின்றது. அளவு குறிக்க வேண்டாத, எதிர் தர வேண்டாத உணவு அது. குறியெதிர்ப்பையைக் கடந்த ஒரு கனவு என்றே கூறலாம். எனினும், அக்கலமும் ஆதிரை என்னும் இல்லறத்தாள் முதற்பிச்சை இட்ட பின்னரே தன் அறத்தைத் தொடங்குகின்றது. ஒரு மனையோள் கை முதலில் நீள வேண்டும் என்பதைச் சாத்தனாரும் மறந்தாரில்லை. இத்தொடர்பு தனித்து ஆராய்தற்குரியது.

நம் ஊர்ப்புறங்களில் அரிசியையும் உறைமோரையும் அண்டை வீட்டில் கைமாற்றாக வாங்கும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்தோர் நம்மிடையே பலர். படியைத் தலைதட்டி வாங்கிச் சென்று, திருப்பும்போது ஒரு பிடி கூட்டி அளந்த மகளிர் எதனையும் எழுதி வைத்தாரல்லர். பெருஞ்சித்திரனார் மனைவியும் எழுதி வைத்தாளல்லள். அவள் பெயரையும் நாம் அறியோம். அவள் நெஞ்சில் இருந்த கணக்கு ஒரு பாட்டில் ஒரு சொல்லாக நமக்குக் கிடைத்துள்ளது. புறநானூற்றைப் பயிற்றும்போது குமணன் பெயரோடு அச்சொல்லையும் மாணாக்கர்க்கு விளக்குதல் நம் கடன்.